பாக்கெட்டில் அடங்கும் .22 மேக்னம் ரிவால்வர்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி பிடித்தே பழகாதவர்கள் இதை வாங்க வேண்டாம். ‘பொம்பளைங்களுக்குச் சின்னதா ஒண்ணு போதும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைக்குக் கிளம்பியிருக்கும் பெண்கள் கண்டிப்பாக வேண்டாம். நன்றாகச் சுடத் தெரிந்து, வேறு எதையும் உடம்போடு வைத்துக்கொள்ள வழியில்லாத நேரத்துக்கென்று ஒன்று தேடுகிறவர்களுக்கு இது நல்ல சாமான்.

நான் சொல்வது நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் மினி ரிவால்வரைப் பற்றி. யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊரில் செய்கிறார்கள். இந்த வகைக் குட்டி ரிவால்வருக்கு வழிபோட்டவர் டிக் கசூல். .454 கசூல் என்று மகா பலம் கொண்ட ஒரு ரிவால்வர் தோட்டா இருக்கிறதே, அதை உருவாக்கியவரும் அவர்தான். என்னிடம் இருப்பது .22 மேக்னம் (.22 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்), 1⅝ அங்குல பேரல், அதாவது குழல், ஐந்து தோட்டா. எடை 6 அவுன்ஸைச் சுற்றி, அதாவது 175 கிராம் சொச்சம். நம் கையில் இருக்கும் செல்போனும் அவ்வளவுதான் இருக்கும். இதைவிடச் சின்னதாக, மேக்னத்தைவிடப் பலம் குறைந்த .22 எல்.ஆர். தோட்டா போடும் மாடலும் உண்டு. அது நாலரை அவுன்ஸ்தான். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கைப்பிடிக்கு மட்டும் மரத்தகடு. 300 டாலருக்கு முன்னபின்ன ஆனது.

ஹூஸ்டனுக்கு வெளியே நானும் வீட்டுக்காரரும் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் நடத்துகிறோம். இரவில் கல்லாவை எண்ணிக் கடையைப் பூட்டுவது பெரும்பாலும் நான்தான். கடைக்குள் வேறொரு துப்பாக்கி இருக்கிறது. ஆனால் பூட்டிவிட்டுக் காருக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அது கூட வராது. ஹூஸ்டன் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மேலே கோட்டு போட முடியாது. பெண்களுக்குத் தைக்கும் ஜீன்ஸில் பாக்கெட் என்று ஒன்று இருப்பதே பேருக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்கிற .38 ரிவால்வர் கையில் அருமையாக உட்காரும், ஆனால் 15 அவுன்ஸ் கிட்ட வரும். குர்தா பாக்கெட்டில் போட்டால் ஒரு பக்கம் தொங்கிப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். ஹேண்ட்பேக்கில் வைப்பதில் எனக்குச் சம்மதமே கிடையாது. திருடன் முதலில் பிடுங்குவது பையைத்தான், துப்பாக்கியும் சேர்ந்து போகும். இந்தக் குட்டி மட்டும்தான் ஜீன்ஸின் முன்பாக்கெட்டில் தோல் உறையோடு இருப்பது தெரியாமல் இருக்கிறது. இதன் பெருமை முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது: வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தோன்றாது.

இனி கையில் எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கைப்பிடி கிளி மூக்கு மாதிரி வளைந்து முடிந்துவிடுகிறது. நடுவிரல் முழுசாகப் பிடிக்கும், மோதிர விரல் பாதி பிடிக்கும், சுண்டுவிரல் அடியில் மடங்கிக் கிடக்க வேண்டியதுதான். டிரிக்கரைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. இது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் பின்பக்கக் கொக்கியை, பின்னால் இழுத்துவிட்டுத்தான் டிரிக்கரை அழுத்த வேண்டும். வாசிக்கும்போது சின்ன வேலையாகத் தெரியும். கட்டைவிரலை ஹேமருக்குக் கொண்டுபோகும்போது, அந்த ஒன்றரை விரல் பிடியும் தளர்ந்து ரிவால்வர் உள்ளங்கையில் ஒரு சுற்றுத் திரும்பிவிடுகிறது. திரும்பச் சரிசெய்து பிடித்துச் சுட்டால், உதறலில் மறுபடி நகர்ந்துவிடும். அடுத்த குண்டுக்கு மறுபடி முதலிலிருந்து. வியர்த்த கையில் ஹேமர் வழுக்குவதை நான் சுட்டுப் பழகும் ரேஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். பயத்தில் நடுங்கும் கையில் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கையால் தாங்கிப் பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். பேரல் இவ்வளவு குட்டையாக இருப்பதால், பழக்கதோஷத்தில் தாங்கும் கையின் ஆள்காட்டி விரல் குழல்வாய்க்கு முன்னால் நீண்டுவிடும். விரலே போய்விடும். நான் இடது கையை வலது மணிக்கட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கட்டைவிரலால் ஹேமரை இழுக்கப் பழகிக்கொண்டேன். வலது கைப்பிடி கலையாது, விரலும் முன்னால் போகாது. ரேஞ்சில் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் காட்டிய முறை. ஆனால் நிஜத்தில் ஒரு கையில் சாவியோ பிள்ளையோ இருக்கும் என்பதால் ஒரே கையால் செய்வதையும் விடாமல் பழகுகிறேன்.

குறி பார்க்க முன்னால் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். பத்தடிக்குள் காகிதத்தில் மார்பளவு வட்டத்தில் ஐந்தும் விழுகிறது. இருபதடிக்குப் போனால் எங்கே விழும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சத்தம்தான் எதிர்பாராதது. மேக்னம் தோட்டாவில் இருக்கும் மருந்து நீளக் குழலை நம்பிச் செய்தது. இந்தக் குட்டைக் குழலில் ஒரு பங்கு மருந்து வெளியே வந்துதான் எரிகிறது. விளக்கைக் குறைத்த லேனில் சுட்டபோது முன்னால் ஒரு நெருப்புப் பந்தே வந்து, பக்கத்து லேன்காரர் பெரிய துப்பாக்கி என்று நினைத்து எட்டிப் பார்த்தார். காது மூடி இல்லாமல் ரேஞ்சில் இதைத் தொடாதீர்கள்.

நெருப்பைப் பார்த்து பலத்தை எடைபோடவும் கூடாது. .22 மேக்னத்தை 1959-இல் வின்செஸ்டர் கம்பெனி ரைஃபிளை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. ரைஃபிள் குழலில் 40 கிரெய்ன் (இரண்டரை கிராம் சொச்சம்) குண்டு விநாடிக்கு 1,900 அடி வேகத்தில் போகும். இந்தக் குழலில் அதில் ஏறத்தாழ பாதி. பட்டதும் விரியட்டும் என்று நுனியில் குழிவிட்டுச் செய்த சாதாரண ஹாலோ பாயின்ட் குண்டு, அந்த வேகத்தில் விரியும் என்று நம்ப முடியாது. குட்டைக் குழலுக்கென்றே ஹார்னடி, ஸ்பியர் கம்பெனிக்காரர்கள் தனியாகத் தோட்டா போடுகிறார்கள். பாக்கெட்டில் வைப்பதற்கு அதை வாங்குவது நல்லது. இந்த .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் இன்னொரு குறை உண்டு. பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றி நிரப்பியது; விளிம்பில் ஓரிடத்தில் மருந்து குறைந்திருந்தால் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். ரிவால்வர் என்பதால் மறுபடி ஹேமரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும், அது ஒரு ஆறுதல். ஆனால் இருப்பதே ஐந்து.

‘.22 தானே, கொசுக்கடி’ என்பவர்களுக்கும், ‘.22-லயே ஆள் காலி’ என்பவர்களுக்கும் 1981 மார்ச் 30-ஐ நினைவுபடுத்துவேன். அன்று வாஷிங்டனில் ஜான் ஹிங்க்லி, ரோம் ஆர்.ஜி.-14 என்கிற மலிவான .22 ரிவால்வரால் ஆறு குண்டை இரண்டு விநாடிக்குள் சுட்டான். நான்கு பேர் மேல் பட்டது. ஜனாதிபதி ரீகனுக்கு நுரையீரலில் குண்டு. ஆனால் காருக்குள் தள்ளப்பட்டபோது விலா எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் தானே நடந்து உள்ளே போனார். உயிருக்கு ஆபத்தான காயம்தான், ஆனால் நடக்க முடிந்தது. தலையில் குண்டு பட்ட அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்து 2014-இல் இறந்தபோது, அந்தப் பழைய காயத்தால் நேர்ந்த கொலை என்றே மருத்துவ அதிகாரி பதிவு செய்தார். தற்காப்புக்கு நமக்கு வேண்டியது எதிராளி அந்த நொடியே நிற்பது. ஒரு மணி நேரம் கழித்து அவன் ஆஸ்பத்திரியில் என்ன ஆகிறான் என்பது நம்மைக் காப்பாற்றாது. சின்னத் தோட்டா உயிரைப் பறிக்கும், ஆளை உடனே நிறுத்தும் என்று சொல்ல முடியாது. ஆகவே இதை யாரையும் மிரட்டவோ, சண்டையில் வீரம் காட்டவோ வெளியே எடுக்கவே கூடாது. ஓடிப்போக வழி இருந்தால் ஓடுவதுதான் சரி. கழுத்தைப் பிடித்துவிட்டான், வேறு வழியே இல்லை என்கிற தூரத்துக்குத்தான் இது.

ரீலோடு செய்வதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. நடுக்கம்பியை உருவி, தோட்டா நிற்கும் உருளையான சிலிண்டரைத் தனியே கழற்றி, அந்தக் கம்பியாலேயே காலிக் கூடுகளைக் குத்தித் தள்ள வேண்டும். வீட்டில் மேஜைமேல் விரிப்புப் போட்டுச் செய்கிற வேலை. வெளியே மடங்கும் சிலிண்டரோடு சைட்வைண்டர் என்று ஒரு மாடல் போடுகிறார்கள், அதில் இந்தத் தொல்லை குறைவு.

நான் விசாரிக்கப் போன முதல் கடையில், என்னையும் கூட வந்த தோழியையும் பார்த்ததுமே கவுன்டரில் இருந்தவர் இதைத்தான் எடுத்து நீட்டினார். கை அளவு பார்க்கவில்லை, சுட்டிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. என் தோழி அதுவரை துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. சின்னத் துப்பாக்கி சின்னக் கைக்கு என்பது துணிக்கடை கணக்கு. துப்பாக்கி சின்னதாக ஆக ஆகச் சுடுவது கஷ்டமாகும். பிடி குறைவு, குறி மோசம், காப்பு கிடையாது. பழகாத ஒரு பெண்ணிடம் இதைக் கொடுத்து ‘இனி தைரியமா இரும்மா’ என்று அனுப்புவது அவள் உயிரோடு விளையாடுவது. தோழிக்கு நான் சொன்னது வேறு. கை பலம் குறைவு என்றால் ரூகர் எல்.சி.பி.-யில் லைட் ராக் என்ற .22 மாடலை எடு. தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகமான ஸ்லைடு சுலபமாக இழுபடும், டிரிக்கருக்குக் காப்பு இருக்கிறது, பத்துத் தோட்டா கொள்ளும். கொஞ்சம் பழகிய பிறகு .38 ரிவால்வருக்கு மாறு. இரண்டும் இதைவிடப் பெரிதுதான், ஆனால் ஹேமரை இழுக்கிற வேலை கிடையாது. டிரிக்கரை அழுத்தினால் சுடும்.

இங்கே டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிறைந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நான் வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தேன், எல்லோரும் எடுக்க வேண்டும் என்பேன். எங்கே கொண்டு போகக்கூடாது என்று அங்கேதான் விளக்கமாகச் சொல்லித்தந்தார்கள். 51% என்று சிவப்பில் போட்ட மதுக்கடைப் பலகையும், உரிமம் உள்ளவர்களும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக்கூடாது என்கிற 30.06 பலகையும் கண்ணில் பட்டால் திரும்பிவிட வேண்டும். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போல ஒருசில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்டுத்தான் நம்ப வேண்டும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஊருக்குப் போகும்போது, ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். லைனிங் கிழிசலுக்குள் ஒரே ஒரு .22 தோட்டா புகுந்திருந்தாலும் சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது வழக்கு. நான் ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பையே வைத்துவிட்டேன்.

ஊரில் இருக்கும் தங்கை, ‘அங்கே கிடைப்பது போல இங்கே எதுவும் இல்லையாக்கா’ என்று கேட்டாள். இருக்கிறது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி நிர்பீக் என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. 500 கிராம், அப்போதே விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கும் உரிமம் வாங்க அலைகிற அலைச்சலுக்கும் முன்னால், இரவில் தனியாக வராமல் இருக்க வழி பார் என்றுதான் சொன்னேன்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். இது பார்ப்பதற்குப் பொம்மை. பளபளப்பு, குட்டி, பிள்ளை கைக்கு அளவெடுத்தது போல இருக்கும். டிரிக்கருக்குக் காப்பும் இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் வைக்கக்கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் பாக்கெட்டிலிருந்து நேரே பூட்டுப் பெட்டிக்குப் போக வேண்டும், சாப்பாடு, செருப்பு எல்லாம் அப்புறம்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால், எல்.ஆர். சிலிண்டரும் சேர்த்துத் தரும் மேக்னம் மாடலாக வாங்குங்கள், பயிற்சிக்கு எல்.ஆர். தோட்டா செலவு கம்மி. ஒரு அங்குலக் குழலைக் காட்டினால் 1⅝ அங்குலம் கேளுங்கள். சிலிண்டரில் தோட்டாக்களுக்கு நடுவே வெட்டியிருக்கும் பள்ளத்தில் ஹேமர் சரியாக உட்காருகிறதா என்று காலி சிலிண்டரோடு கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்தும் நிரப்பிப் பாக்கெட்டில் வைக்கும்போது பாதுகாப்பு அந்தப் பள்ளத்தில்தான். பாக்கெட்டில் வேறு எதையும் சேர்த்துப் போடாதீர்கள், சில்லறையோ சாவியோ கூடாது. உறை இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள். துணிப்பஞ்சு முன்பக்கத் துளைகளில் அடைகிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. பெரிய ரப்பர் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. போட்டால் பிடி நன்றாகிறது, ஆனால் என் ஜீன்ஸ் பாக்கெட்டில் நுழையவில்லை, கழற்றிவிட்டேன்.