மானாவாரிக்கு நித்தியகல்யாணியா, மருந்துக்கூர்க்கனா?

தண்ணீர் வசதி இருந்து, ஆறு மாதத்தில் பணம் பார்க்க வேண்டுமென்றால், கிழங்குக்காக வளர்க்கும் மருந்துப் பயிரான கூர்க்கன் (கோலியஸ்) போடலாம். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணுக்கு, வேரும் இலையும் மருந்துக்குப் போகும் நித்தியகல்யாணியே எங்கள் தேர்வு.

கூர்க்கனுக்கு 60x45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 நுனித்தண்டு நட வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு துளைத்த கிழங்கில் வாடல் நோய் சுலபமாக ஏறும். நித்தியகல்யாணிக்கு நேரடி விதைப்பென்றால் ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். விதை மிகப் பொடி என்பதால் பத்து மடங்கு மணல் கலந்து தூவ வேண்டும். ஆடு மாடு வாய் வைக்காது. தண்ணீர் தேங்கினால் மட்டும் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும், வடிகால் அவசியம்.

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது காயவைக்கும் வேலைதான். கூர்க்கன் கிழங்கில் பெரும்பகுதி நீர். தோண்டிய உடனே நறுக்கிக் காயவைக்காவிட்டால் அழுகும், பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வாங்குபவர் சொன்ன நாளில், சொன்ன விலைக்குத் தள்ளிவிட நேர்கிறது. நித்தியகல்யாணி வேர் அப்படியில்லை. நிழலில் நன்றாகக் காய்ந்த வேரைச் சாக்கில் கட்டி, ஈரம் படாமல் அடுக்கினால் விலைக்காகக் காத்திருக்கலாம்.

வேரில் உள்ள அஜ்மாலிசின் என்ற ஆல்கலாய்டு (செடியில் இயற்கையாக உருவாகும் வேதிப்பொருள்) மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்துகளில் சேர்கிறது. வேருக்கு மதிப்பே அதனால்தான். அது பெரும்பாலும் வேர்ப்பட்டையில் இருப்பதால் மண் போகக் கழுவினால் போதும். தேய்த்துப் பட்டையை உரித்துவிடக் கூடாது. விதைத்த பன்னிரண்டாம் மாதம், தரைக்கு மேல் மூன்று அங்குலம் விட்டுத் தண்டை அறுத்துவிட்டு, நல்ல மழை பெய்து மண் இளகியதும் உழுது வேரைப் பொறுக்க வேண்டும். காய்ந்த மண்ணில் உழுதால் வேர் அறுந்து பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

மானாவாரியில் ஏக்கருக்குக் காய்ந்த வேர் 300 கிலோ, இலை 800 கிலோ வரை எதிர்பார்க்கலாம். இலையை ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் பறித்து, கடைசியாக அறுவடையின்போதும் எடுக்கலாம். புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இலையிலிருந்து வருபவை.

விலை வருடத்துக்கு வருடம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு இங்கே போடவில்லை. எதைப் போட்டாலும், விதைப்பதற்கு முன்பே கொள்முதல் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நித்தியகல்யாணி இலையையோ வேரையோ வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கவே கூடாது, நஞ்சு.