கல்லைக் கவ்விய வேர்: மூன்று எல்ம் கன்றுகளோடு ஆறு ஆண்டுகள்

2019 ஜூனில் பெங்களூரு வீட்டு மொட்டை மாடியில் சைனீஸ் எல்ம் என்ற சீன மரத்தின் மூன்று கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தேன். மூன்றும் குச்சி நட்டு வளர்த்தவை, தண்டு பென்சில் தடிமன். கல்லைக் கவ்வி நிற்கும் போன்சாயாக மூன்றையும் வளர்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. இரண்டு அப்படி நிற்கின்றன. ஒன்றை மட்டும் கல்லிலிருந்து பிரித்துத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஆலும் அத்தியும் இருக்க எல்ம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கல்லைக் கவ்வுவதில் ஆல இனத்தை மிஞ்ச ஆளில்லை, உண்மைதான். ஆனால் எல்மின் இலை கட்டைவிரல் நகம் அளவே இருக்கும். ஒரு கணுவில் வெட்டினால் இரண்டு துளிர் வரும், வெட்ட வெட்டக் கிளை மெலிந்து மெலிந்து பிரியும். வயதானால் பட்டை செதில் செதிலாக உரிந்து உள்ளே செம்பழுப்பு நிறம் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற 'டச்சு எல்ம்' நோயை இந்தச் சீன இனம் நன்றாகத் தாங்கும். பெங்களூருவின் 900 மீட்டர் உயரமும் இதற்குப் பிடித்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பாதி இலை மஞ்சளாகி உதிர்கிறது, பிப்ரவரியில் மரம் முழுக்கத் துளிர். சென்னையில் அக்காவுக்கும் ஒரு கன்று கொடுத்தேன். மே மாதம் போன் செய்து, "தம்பி, இலை ஓரமெல்லாம் கருகுதுடா" என்றாள். நிழல்வலைக்குள் மாற்றிய பிறகு பிழைத்துக்கொண்டது.

இந்த வடிவத்தை ஜப்பானியர் செகிஜோஜு என்பார்கள். வேர் கல்லின் மேல் ஓடிக் கீழே தொட்டி மண்ணில் இறங்கும். மரத்துக்குச் சோறு அந்த மண்ணில்தான், கல் வெறும் பிடிமானம். அதனால் வேர் நீளமாக இருக்கிற இளங்கன்றில்தான் தொடங்க வேண்டும். தடித்து முற்றிய வேர் வளையாது, கல்லோடு படியாது.

கல்லுக்குப் பெரிதாக அலையவில்லை. லால்பாக் பூங்கா நடுவில் 300 கோடி ஆண்டுப் பழைய பாறை இருக்கிறதே, பெங்களூரைச் சுற்றி அதே சாதிக் கல்தான். உதிராது, தண்ணீரில் கரையாது. கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு, மேலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடிய துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். வழவழப்பில் வேர் வழுக்கிக்கொண்டே போகும்.

கன்றின் மண்ணை முழுக்கக் கழுவி, வேரைப் பள்ளங்களில் படிய வைத்து, இடுக்கில் களிமண்ணும் தென்னை நார்க்கழிவும் பிசைந்து அப்பினேன். மூன்றுக்கும் இதுவரை ஒரே மாதிரி. கட்டுவதில்தான் வேறுபாடு. முதல் மரத்தைப் பருத்தி நூலால் கட்டினேன். இரண்டாவதற்கு, பெட்டி படுக்கை சுற்றுகிற, இழுத்தால் நீளும் பிளாஸ்டிக் படலத்தை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினேன். மூன்றாவதற்குக் கனமான அலுமினியத் தாள். அடிப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், வேர் அந்த வழியாகத்தான் இறங்கும். அப்புறம் கல் தெரியாதபடி ஆழமான தொட்டியில் புதைத்தேன். செங்கல் ஜல்லி, பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல் துகள்), கொஞ்சம் மண்புழு உரம், இவ்வளவுதான் கலவை. வந்து பார்த்த அம்மா, "கல்லு வெச்சேன்னு சொன்னியே, எங்கடா?" என்று கேட்டார்.

அந்தக் கல் மூன்று ஆண்டு வெளியே வரக்கூடாது. வேர் இருட்டிலும் ஈரத்திலும்தான் தடிக்கும், காற்றுப் பட்டால் தோல் முற்றி வளர்ச்சி மந்தமாகிவிடும். நான் முதல் மரத்தில் பொறுக்காமல் எட்டாவது மாதமே கிளறிப் பார்த்தேன். நூல் எப்போதோ மக்கிப் போயிருந்தது. வேர்கள் கல்லை விட்டு விலகி, இடையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. அழுத்தினால் ஒடிகிற பதம். பிரித்தது அந்த மரத்தைத்தான்.

படலம் சுற்றிய இரண்டாவது மரத்தில் வேர் பக்கவாட்டில் போக வழியில்லாமல் கல்லோடு ஒட்டித் தட்டையாகப் படிந்திருந்தது. அழகான பிடி. ஆனால் வேர் மெலிவு. காரணம் நான்தான்: உச்சி கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும் என்று முதல் ஆண்டு முழுக்கக் கவாத்து செய்தேன். மூன்றாவது மரத்தை வெட்டாமல் விட்டேன், ஒரு கிளை ஒரு மீட்டரைத் தாண்டியது. 2022 ஜூலையில் திறக்கத் தொடங்கியபோது அதன் வேர்கள் சுண்டுவிரல் தடிமன்! அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. மேலே தழை ஓடினால்தான் கீழே வேர் பருக்கும். தொடங்குகிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். அலுமினியத் தாளில் ஒரு தொல்லை உண்டு, மண்ணில் அரித்துத் துகள் துகளாகப் போயிருந்தது, பொறுக்கி எடுக்க அரை நாள் ஆனது. இனி எனக்குப் படலம்தான்.

திறப்பதையும் ஒரே நாளில் செய்யவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு அங்குலம் என்று மேல்மண்ணை எடுத்தேன். அவசரப்பட்டால் சல்லிவேர் காய்ந்து மேல் கிளை வாடும்.

கிளை வடிவத்துக்குக் கம்பி சுற்றுவதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். எல்ம் கிளை வேகமாகப் பருப்பதால் ஆறேழு வாரத்தில் கம்பி பட்டைக்குள் பதிகிறது, அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் மறைவதில்லை. தென்சீனத்து லிங்நான் முறையில் வளரவிட்டு வெட்டுவார்கள். நானும் அப்படித்தான்: ஏழெட்டு இலை வந்ததும் இரண்டாகக் குறைப்பேன். எஞ்சிய கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அடுத்த துளிர் அந்தப் பக்கம் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. 2021இல் அசுவினிப் பூச்சி வந்தபோது டைமெத்தோயேட் மருந்து அடித்தேன். ஒரே வாரத்தில் ஒரு இலை மிச்சமில்லை. ஊடுருவிப் பாயும் சில பூச்சிமருந்துகள் சைனீஸ் எல்முக்கு ஆகாது. மறுபடி துளிர்க்க ஐந்து வாரம் ஆனது, அத்தனை நாளும் காலையில் எழுந்ததும் முதலில் மாடிக்குத்தான் ஓடினேன். இப்போது வேப்பெண்ணெயும் தண்ணீர் பீய்ச்சுவதும் மட்டும்தான்.

தொட்டி மாற்றும்போது வெட்டிய வேர்த் துண்டுகளை வீசாதீர்கள். மேல்முனை கொஞ்சம் வெளியே தெரிய நட்டால் எல்ம் அதிலிருந்தே துளிர்க்கும். மூன்றாவது மரத்தின் வேரிலிருந்து அப்படி நான்கு கன்று வந்திருக்கிறது. இந்த முறை வேர் இன்னும் நீளமாக வேண்டும் என்பதால் இரண்டடி பிவிசி குழாயில் வளர்க்கிறேன். கல்லும் தேடி வைத்தாயிற்று.