திருமணவழி கிரீன் கார்டு: படிவம் நிரப்பித் தரும் இணையச் சேவையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்துகொண்டு, நாட்டை விட்டு வெளியேறாமலே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்காகச் சில இணையச் சேவைகள் நடக்கின்றன. அவை நம்மிடம் கேள்விகளைக் கேட்டு, படிவங்களை நிரப்பி, அச்சிட்டு, கையெழுத்து வேண்டிய இடங்களில் வண்ணச் சீட்டு ஒட்டி, அப்படியே கூரியரில் போடும் அளவுக்குத் தயார்செய்து கொடுக்கின்றன. அவற்றுள் ஒன்றை நானும் என் கணவரும் 2025 தொடக்கத்தில் பயன்படுத்தினோம். கட்டணம் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் கூடுதல். பெயரைக் குறிப்பிடவில்லை, இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பலரும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்குகிறார்கள் என்பதால், பெயரைவிட அந்த முறையைப் பற்றித் தெரிந்துகொள்வதே பயன்படும். தாள் வேலைக்கு அந்தச் சேவை கொடுத்த காசுக்கு உழைத்தது. வேலை அனுமதி என்று வந்தபோது கைவிட்டது மட்டுமல்லாமல், ஓரிடத்தில் ஆபத்தான பதிலையும் தந்தது.

என் நிலையைச் சொன்னால்தான் இது விளங்கும். நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து முதுகலைப் பட்டம் முடித்து, படிப்புக்குப் பின் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய மாணவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. அனுமதியில் நியூ ஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுமதி முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் அங்கேயே வளர்ந்தவர், குடியுரிமை உள்ளவர். குடியுரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவி என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. மனுவான ஐ-130, கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485, வேலை அனுமதிக்கான ஐ-765, வெளிநாடு சென்று திரும்புவதற்கான ஐ-131, என் பொருளாதார ஆதரவுக்குக் கணவர் பொறுப்பேற்கும் ஐ-864, மருத்துவப் பரிசோதனை அறிக்கையான ஐ-693 ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்தவர்களுக்கு இந்த வசதி ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா புல்லட்டின் என்ற காத்திருப்பு வரிசைப் பட்டியலைப் பொறுத்தது. அவர்கள் இந்த மதிப்புரையை அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாள் தெளிவாக இருந்தது. கடந்த ஐந்தாண்டு முகவரிகளையும் வேலை விவரங்களையும் ஒருமுறை எழுதினால் போதும், அவை தேவைப்படும் படிவங்கள் எல்லாவற்றிலும் மாதம் பிசகாமல் ஒரே மாதிரி ஏறிவிடும். கையால் நிரப்பும்போது ஒரு படிவத்தில் ஜூன் என்றும் இன்னொன்றில் ஜூலை என்றும் விழுந்துவிடும் முரண்பாடு, பின்னர் நேர்காணலில் தேவையற்ற கேள்வியாக முளைக்கும். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி அச்சிடப்பட்டிருக்கும். பழைய பதிப்பை அனுப்பினாலும், இரண்டு பதிப்புகளின் பக்கங்களைக் கலந்து அனுப்பினாலும் கட்டு முழுவதும் திரும்பி வரலாம். நாங்கள் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு வெளியானது. சேவை தானாகவே அதற்கு மாறிக்கொண்டது. 2024 டிசம்பர் 2 முதல் மருத்துவ அறிக்கையை ஐ-485 உடனேயே சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற மாற்றத்தையும் அவர்கள் சரியாகவே சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒட்டிக் கொடுத்த உறையை நாம் பிரிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

கட்டணம் பற்றிய உதவிப் பக்கம் மட்டும் பழசாகக் கிடந்தது. கிரீன் கார்டுக்கு 1,225 டாலர் கட்டினால் வேலை அனுமதியும் பயண அனுமதியும் இலவசம் என்று அதில் இருந்தது. 2024 மார்ச் வரை அது உண்மைதான். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485க்கு 1,440 டாலர், தாளில் தாக்கல் செய்யும் ஐ-130க்கு 675, ஐ-765க்கு 260, ஐ-131க்கு 630, ஆக மொத்தம் 3,005 டாலர். பணம் செலுத்தும் கட்டத்தில் சரியான தொகையையே காட்டினார்கள் என்றாலும், பழைய பக்கத்தை நம்பி வரவுசெலவு போட்டிருப்பவர்களுக்குக் கடைசி நேரத்தில் கையைக் கடிக்கும். இப்போது விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு, விதிவிலக்குப் பெற்றவர்களைத் தவிர, தாளில் அனுப்பும் விண்ணப்பங்களோடு காசோலையோ மணி ஆர்டரோ வைக்க முடியாது. கடன் அட்டைக்கு ஜி-1450, வங்கிக் கணக்குக்கு ஜி-1650 என்று தனிப் படிவங்கள் உள்ளன.

நம்மவர்களின் பெயர் விஷயத்தில் சேவைக்குப் பயிற்சி போதாது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுப் பள்ளிச் சான்றிதழ், அப்பா பெயரை முழுதாக விரித்துக் கடவுச்சீட்டு, குடும்பப்பெயர் இல்லாததால் விசாவில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியாது) என்று ஒரு முன்னொட்டு என்று மூன்று விதமாகத் திரிகிற பெயர் நம்மில் பலருக்கு உண்டு. கேள்வித்தாளோ கடைசிப் பெயரை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. பிறந்ததிலிருந்து பயன்படுத்திய மற்றப் பெயர்கள் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. இனிஷியல் வடிவத்தையும் எஃப்.என்.யு. வடிவத்தையும் அங்கே எழுதுவதுதான் வழி என்பதை நாங்களாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதைவிட வேடிக்கை ஐ-130 படிவத்தில் நடந்தது. விண்ணப்பிக்கப்படுபவரின் தாய்மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படாதது என்றால், அவருடைய பெயரையும் சொந்த நாட்டு முகவரியையும் அந்த மொழியிலேயே எழுதும்படி அந்தப் படிவம் கேட்கிறது. தமிழில் தட்டச்சு செய்தேன்; திரையில் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அச்சுக்கு வந்த தாளில் எங்கள் மதுரை முகவரியின் ‘மேலமாசி’யில் இரட்டைக்கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது, ‘வீதி’யின் நெடில் சுழி தனியே கழன்று ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கியது. எழுதிக் கேட்டதற்கு, அந்தப் பகுதியை வெற்றாக விடலாம் என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிட்டு, கறுப்பு மையில் கையால் எழுதிச் சேர்த்தோம். எழுத்து எப்படி விழுகிறது என்று கடைசிப் பிரதியைப் பாராமல் அனுப்பிவிடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்ததால் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று அதைத் தனியாக விற்கிறார்கள். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும் என்பதுதான் விதி. நோட்டரி முத்திரை கூடத் தேவையில்லை. இரு மொழியும் தெரிந்த தோழி ஒருத்தி செய்து கொடுத்தாள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் ‘பெண்’ என்று மட்டும் இருப்பது தமிழ்நாட்டில் சகஜம். அப்படியானால் ஊரில் உள்ள பதிவு அலுவலகத்தில் பெயரைச் சேர்த்து வாங்க நேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் முன்பாக அதைத் தொடங்க வேண்டும். சேவையின் பட்டியலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திருமணம் உண்மையானது என்று காட்டும் சான்றுகளுக்கான அவர்களுடைய பட்டியல், புதுமணத் தம்பதி தனியாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டது. நாங்கள் இருந்ததோ மாமனார் வீட்டில். வாடகை ஒப்பந்தம் இல்லை, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் மாமனார் பெயரில். சான்று போதாது என்று திரையில் சிவப்புக் கோடு போட்டது. மாமியாரும் மாமனாரும் உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அதே முகவரிக்கு எங்கள் இருவருக்கும் வந்த வங்கித் தபால்கள், ஓட்டுநர் உரிமங்கள், கணவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் என் பெயர் சேர்ந்த தாள் ஆகியவற்றையும் வைத்தோம். நேர்காணல் அதிகாரி கடிதங்களைவிடக் காப்பீட்டுத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இனி வேலை அனுமதி. இந்தச் சேவையில் ஐ-765 என்பது கட்டோடு ஒட்டிய ஓர் இணைப்பு, அவ்வளவுதான். நான் இப்போது எந்த அனுமதியில் வேலை செய்கிறேன், அது எப்போது முடிகிறது என்ற கேள்வி எங்குமே வரவில்லை. நிறுவனத்தின் பெயரும் பதவியும் மட்டும் கேட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்குத் தலையாய கேள்வி அதுதான். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது நாட்டில் தங்கியிருக்கலாம். வேலை செய்யலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கான சி-9 பிரிவில் வரும் வேலை அனுமதி அட்டை கையில் கிடைத்த பிறகே, அந்த விண்ணப்பத்தின் பேரில் வேலை செய்ய முடியும்.

உதவி அரட்டையில் இதைக் கேட்டேன். விண்ணப்பம் பெற்றதற்கான ரசீது வந்துவிட்டால் வேலையைத் தொடரலாம் என்று பதில் வந்தது. முழுத் தவறு. ஐ-797சி என்ற அந்த ரசீதின் தலைப்பிலேயே, இந்த அறிவிப்பு எந்தக் குடிவரவு நிலையையும் பயனையும் வழங்கவில்லை என்று அச்சிட்டிருக்கிறது. பதில் சொன்னவர் எதைக் குழப்பிக்கொண்டார் என்று ஊகிக்க முடிகிறது. ஏற்கெனவே வைத்திருக்கும் அட்டையை அதே பிரிவில் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு, ரசீதைக் காட்டி 540 நாள்வரை வேலையைத் தொடரும் ஏற்பாடு அப்போது இருந்தது. முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு அது என்றுமே பொருந்தியதில்லை. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்புகளுக்கும் அந்தத் தானியங்கி நீட்டிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. குடியுரிமை உள்ளவரின் துணை முறையாக நாட்டுக்குள் வந்திருந்தால், அனுமதியில்லாமல் வேலை செய்த ஒரே காரணத்துக்காகக் கிரீன் கார்டை மறுக்காத சலுகை சட்டத்தில் உண்டு என்பது மெய்தான். அதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் மாணவர் நிலை பறிபோகும், ஊழியரின் வேலைத் தகுதியை நிறுவனம் சரிபார்த்து வைக்கும் ஐ-9 பதிவில் நிறுவனமும் மாட்டிக்கொள்ளும். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அதன் பிறகு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வேறு ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரே ஒருமுறை ஆலோசனை கேட்டோம். என் பட்டம் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளுக்கான ஸ்டெம் பட்டியலில் உள்ளது என்று தெரிந்ததும், முதலில் ஓ.பி.டி.க்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன் பிறகு கல்யாணக் கட்டை அனுப்பச் சொன்னார். ஓ.பி.டி. முடியும் முன்பே ஸ்டெம் நீட்டிப்பைத் தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரும்வரை அதிகபட்சம் 180 நாள் வேலையைத் தொடரலாம். எந்த வரிசையில் அனுப்புவது என்ற இந்த ஒரு விஷயம்தான் என் சம்பளத்தைக் காப்பாற்றியது. அதைக் கேட்கும் பெட்டி ஆயிரம் டாலர் சேவையின் கேள்வித்தாளில் இல்லை.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அவர்களுடைய நிபந்தனைகளிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது: தாங்கள் சட்ட நிறுவனம் அல்ல, சட்ட ஆலோசனை தருவதில்லை. சட்டப்படியும் வழக்கறிஞர்களும் அமெரிக்க அரசின் நீதித் துறை (டி.ஓ.ஜே.) அங்கீகரித்த பிரதிநிதிகளும் மட்டுமே குடிவரவு ஆலோசனை சொல்லலாம். அப்படியிருக்க, அரட்டையில் உட்கார்ந்திருப்பவர் வேலை செய்யலாம் என்று எப்படிச் சொன்னார் என்று கேட்டு எழுதினேன். பொதுவான ஒரு மன்னிப்பு வந்தது. கட்டணத்தில் அடங்கிய ‘வழக்கறிஞர் பரிசீலனை’ என்பதும் ஒருமுறை படித்துப் பார்ப்பதோடு முடிகிறது. ஒருவருக்காக ஆஜராவதாக வழக்கறிஞர் தெரிவிக்கும் ஜி-28 படிவத்தை அவர் தாக்கல் செய்வதில்லை. ஆகவே அவர் நம் பிரதிநிதி இல்லை. கூடுதல் சான்று கேட்டு நோட்டீஸ் வந்தால் அது நம் தபால்பெட்டிக்கு மட்டும்தான் வரும், பதிலும் நம் பொறுப்பு.

பயணம் பற்றிய எச்சரிக்கைக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். பயண அனுமதி கையில் இல்லாமல் வெளியே போனால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும், எச்-1பி, எல்-1 வேலை விசாக்கள் போன்ற சில நிலைகளுக்கே விதிவிலக்கு என்பதை இரண்டு இடங்களில் சொல்லி, படித்துவிட்டதாகக் கையொப்பமும் வாங்கினார்கள். இவ்வளவு அக்கறையை ஐ-864 விஷயத்தில் காட்டவில்லை. அந்தப் பொறுப்பு விவாகரத்தோடு முடிவதில்லை. மனைவி குடியுரிமை பெறுவது, 40 காலாண்டு வேலைக் கணக்கு நிறைவது போன்றவை நடந்தால்தான் முடியும். கையெழுத்துப் போடும் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இதை, ‘வருமானச் சான்று’ என்ற தலைப்பில் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள்.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? முறையாக நுழைந்து, ஒரே ஒரு திருமணம், கணவருக்கு வறுமைக்கோட்டளவின் 125 விழுக்காட்டுக்கு மேல் வருமானம், வேலை அனுமதியில் இடைவெளி பற்றிய கவலை இல்லாதவர் என்றால் தாராளமாக எடுக்கலாம். படிவங்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொறுமை உள்ளவர்கள் வார இறுதிகளில் உட்கார்ந்து தாமே முடித்துவிடவும் முடியும். ஓ.பி.டி., எச்-4 (எச்-1பி விசா உள்ளவரின் துணை) அனுமதி என்று காலாவதித் தேதியோடு வேலை செய்பவர்களும், முன்பு விசா மறுக்கப்பட்டவர்களும், விவாகரத்தானவர்களும் அந்தப் பணத்தை வழக்கறிஞருக்குக் கொடுப்பதே மேல்.

எனக்கு வேலை அனுமதி அட்டை நேர்காணலுக்கு முன்பே வந்தது. அப்போது அதை ஐந்து ஆண்டு வரை செல்லுபடியாகும்படி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 டிசம்பர் 5 அன்று முடிவாகாமல் இருந்த விண்ணப்பங்களுக்கும் அன்று முதல் தாக்கலாகும் புதியவற்றுக்கும் அதிகபட்சம் 18 மாதம்தான், ஆகவே கிரீன் கார்டு தாமதமானால் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள். அங்கீகாரம் கிடைத்த நாளில் எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாததால், நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு கார்டுதான் தந்தார்கள். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சேவை இப்போதே அதற்கான தனிக் கட்டணத்தோடு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்தப் படிவத்தை நாங்களே நிரப்பிக்கொள்வதாக முடிவுசெய்திருக்கிறோம்.