சமூக அறிவியலில் இரண்டு வருடப் பட்டம்: எந்த வழியில் போனால் காசு தேறும்?

அக்கா கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து போன் செய்தாள். "டேய், அவ கம்யூனிட்டி காலேஜ்ல சோஷியாலஜி எடுக்கறாளாம். ரெண்டு வருஷம் படிச்சு அதை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணுவா?" பின்னாலிருந்து அவள் மகளின் குரல்: "மாமா, முதல்ல ஃபீஸ் எவ்வளவுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

இரண்டு பேரும் கேட்டது நியாயம்தான். அன்று இரவே பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஃபீஸிலிருந்து தொடங்குவோம். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகளில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012லிருந்து இந்த விலை மாறவில்லை. சன்னிவேலில் இரண்டு பேர் மசாலா தோசையும் காபியும் சாப்பிட்டு டிப்ஸ் வைத்தால் கிட்டத்தட்ட அதே பில் வரும். அசோசியேட் என்கிற அந்த இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். முதல்முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்கு முதல் இரண்டு வருடம் இதைக்கூட வாங்காத கல்லூரிகள் பல உண்டு.

செலவு இவ்வளவுதான் என்றால் நஷ்டம் எங்கிருந்து வரும்? அந்த இரண்டு வருடத்தோடு நிறுத்திக்கொண்டால் வரும்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில், பள்ளி முடித்தவரின் வாரச் சம்பளம், இடைநிலை மதிப்பாக (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்), 930 டாலர். அசோசியேட் பட்டதாரிக்கு 1,099. நான்கு வருடப் பட்டதாரிக்கு 1,543. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வாரம் 169 டாலர், வருடத்துக்கு 8,800 பக்கம். 2,760 போட்டு வருடா வருடம் 8,800 என்றால் கசக்குமா? ஆனால் அந்த 1,099க்குள் நர்ஸும் இருக்கிறார், பல் சுகாதாரப் பணியாளரும் இருக்கிறார். அவர்கள் சம்பளம் சேர்ந்துதான் அந்த எண் அவ்வளவு மேலே நிற்கிறது. சோஷியாலஜிக்காரர் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், இலையில் விழுவது வேறு.

சமூக சேவை உதவியாளர் என்ற வேலையைப் பாருங்கள். சைக்காலஜி, சோஷியாலஜி அசோசியேட் பட்டம் வாங்கியவர்கள் முதலில் தேடிப் போவது இந்த மாதிரி வேலையைத்தான். 2024 மே கணக்கில் நாடு முழுவதற்குமான இடைநிலைச் சம்பளம் வருடம் 45,120 டாலர். கலிஃபோர்னியாவில் பெரிய துரித உணவுச் சங்கிலிக் கடைகளில் 2024 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். வாரம் 40 மணி நேரம் கிடைத்தால் (லேசில் கிடைக்காது, அது வேறு கதை) வருடம் 41,600. இந்த ஊரில் சேவை வேலைக்கும் தேசியக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள்தான். இருந்தாலும் இரண்டு வருடப் படிப்புக்கும் பர்கர் கடைக்கும் நடுவில் இவ்வளவுதானா இடைவெளி என்று தோன்றத்தான் செய்கிறது. இன்னொன்று: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டெக்னீஷியன் வேலைக்குப் பள்ளிச் சான்றிதழ், 40 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, இவை போதும். சைக்காலஜி படித்த பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே சேருகிறார்கள். பட்டம் கையில் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.

அதே காலேஜில், அதே 46 டாலரில் நர்சிங் படித்தால்? பதிவுபெற்ற நர்ஸின் இடைநிலைச் சம்பளம் 93,600. பல் சுகாதாரப் பணியாளருக்கு 94,260. எங்கள் வீடுகளில் "ஏன் நர்சிங் எடுக்கக்கூடாது?" என்று கேட்பது சும்மா இல்லை. ஆனால் அதை "இரண்டு வருடம்" என்று சொல்வது பேச்சுக்குத்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் முடித்தபிறகுதான் விண்ணப்பமே போட முடியும், அதற்கப்புறம் பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் அல்லது குலுக்கல். மூன்று, நான்கு வருடம் ஓடிவிடும். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிற பிள்ளையை அங்கே தள்ளிவிட்டால் அதுவும் நஷ்டம்தான். எங்கள் பெண் அந்த ரகம். அதனால் இந்த வழியை அதிக நேரம் பார்க்கவில்லை.

மீதி இருப்பது டிரான்ஸ்ஃபர். இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில். 2010இல் வந்த ஒரு மாநிலச் சட்டம் இதற்கென்றே தனி அசோசியேட் பட்டத்தை உண்டாக்கியது. அதை வாங்கினால் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட்) பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி, மேலும் 60 யூனிட்டில் முடிக்கலாம். ஆனால் நாம் கேட்கும் வளாகம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. சான் ஹோசே ஸ்டேட்டை நினைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு ஊர் வரலாம், அப்போது வாடகை வந்து கணக்கில் உட்காரும். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறும் முன்கூட்டியே இட உறுதி தருகின்றன. அந்த உறுதிக்கும் ஒரே ஒரு வளாகத்தில்தான் விண்ணப்பிக்கலாம், அதுவும் செப்டம்பருக்குள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இந்தப் பேச்சுக்கே வருவதில்லை.

கால் ஸ்டேட்டில் 2025-26க்கு அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர். வளாகக் கட்டணங்கள் சேர்ந்தால் பெரும்பாலும் 8,000க்கும் 9,000க்கும் நடுவில் நிற்கும். வீட்டிலிருந்தே போய்வந்தால் டிரான்ஸ்ஃபர் வழியில் நான்கு வருடக் கட்டணம் மொத்தம் 20,000 பக்கம். முதல் நாளிலிருந்தே கால் ஸ்டேட் என்றால் 34,000. மிச்சம் 14,000தான், நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்தேன். யூசியில்தான் பெரிய தொகை. அங்கே கட்டணம் மட்டும் வருடம் 15,000 அளவில், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தால் 40,000ஐத் தாண்டும். இரண்டு வருடம் வீட்டுச் சாதத்தோடு ஓட்டினால் ஒரு நல்ல கார் வாங்கும் பணம் மிஞ்சும்.

இதில் தலைகீழாக ஒரு விஷயம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு யூசி நேரடியாக இடம் கொடுத்தால், ப்ளூ அண்ட் கோல்ட் என்ற அதன் கட்டண உதவித் திட்டமும் உதவித்தொகைகளும் சேர்ந்து கல்விக் கட்டணத்தை முழுக்க ஏற்றுக்கொள்ளும். அந்தப் பிள்ளை "மலிவு" என்று நினைத்து கம்யூனிட்டி காலேஜுக்கு வருவது பெரும்பாலும் தப்புக் கணக்கு. ஆதாயம் அதிகம் யாருக்கு என்றால், உதவி கிடைக்காத அளவு சம்பளமும் முழுக் கட்டணம் கட்டக் கைகூசும் அளவு சேமிப்பும் உள்ள குடும்பங்களுக்கு. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழ்க் குடும்பங்களில் பல அப்படித்தான், எங்கள் அக்கா வீடும் சேர்த்து. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. மாநிலவாசி என்று நிரூபித்து அந்த 46 டாலரைப் பிடித்துவிட்டால் அவர்களுக்கும் பெரிய விடுதலை.

சரி, ஆபத்து என்ன? பாதிக் கிணறு தாண்டுவதுதான். நாடு முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் சேருபவர்களில் 100க்கு 80 பேர் நான்கு வருடப் பட்டம் வாங்கத்தான் வருகிறார்கள். ஆறு வருடத்தில் அதை வாங்குபவர்கள் 16 பேர். எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வேலை நேரம் கூடிவிடுகிறது, கணிதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், எடுத்த யூனிட்டில் சில புது வளாகத்தில் செல்லுபடியாவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் 84 யூனிட் முடித்தபிறகுதான் புள்ளியியல் எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தான். அவனுடைய கவுன்சலர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

எந்தப் பாடம் என்பதும் முக்கியம்தான், ஆனால் அது பட்டம் முழுதானால் மட்டும். சமூக அறிவியலில் சம்பளத்துக்கு முன்வரிசையில் நிற்பது பொருளாதாரம், அதற்குக் கால்குலஸ் வேண்டும். சைக்காலஜி எடுத்து ஆலோசகர் ஆக நினைப்பவர்கள் முதுகலையையும் அதன்பின் உரிமத்துக்கு 3,000 மணி நேர மேற்பார்வைப் பணியையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோஷியாலஜி நடுவில் எங்கோ நிற்கிறது. புள்ளியியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பரவாயில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். நர்சிங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டாள், அப்புறம் "சரி, டிரான்ஸ்ஃபர் ஆகலேன்னா?" என்றாள். அதற்குப் பதிலாக மகளை 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறக்கச் சொன்னேன். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்கள், வலது பக்கம் நம் காலேஜில் அதற்கு ஈடானவை. பட்டியலை அவள் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்தாள். ஆறாவது வரியில் நின்றாள். வலது பக்கம் காலி, அங்கே "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்", அதாவது ஈடான பாடம் இல்லை, என்று இருந்தது.

"அப்படின்னா அந்தப் பாடம் எங்கதான் கிடைக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"பக்கத்து ஊர் காலேஜ்ல இருக்கும்மா. அங்கயும் 46 டாலர்தான்."