அதே 25,000 பவுண்டு: கிரேட் பிரிட்டனா, கிரேட் ஈஸ்டர்னா?

பால்சா மரத்தில் கப்பல் மாதிரி செய்யும் கிறுக்கு எனக்கு உண்டு. அடுத்து எது என்று யோசித்ததில் இரண்டு பெயர்கள் மிஞ்சின: 1843-இல் பிரிஸ்டலில் தண்ணீரில் இறங்கிய கிரேட் பிரிட்டன், 1858-இல் லண்டனில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன். இரண்டையும் வடிவமைத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் புரூனெல். இரண்டும் இரும்புக் கப்பல்கள், கட்டியவர்களைக் கடனில் தள்ளியவை. நான் எடுத்தது கிரேட் பிரிட்டன்.

அளவு தெரிந்த கதைதான். ஒன்று 322 அடி, மற்றது 692 அடி. 200-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஈஸ்டர்ன் மூன்றரை அடி வரும். என் அலமாரித் தட்டு இரண்டரை அடி. ஆனால் என் முடிவுக்கு இடம் மட்டும் காரணமில்லை. மறுவிற்பனைக் கணக்குதான் என்னை இழுத்தது.

கிரேட் பிரிட்டன் 1846-இல் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, கிட்டத்தட்ட ஓராண்டு மணலில் கிடந்தது. மீட்ட செலவில் கம்பெனி காலி. 1,17,000 பவுண்டில் கட்டியதை 1850-இல் கிப்ஸ் பிரைட் நிறுவனம் 25,000-க்கு வாங்கியது. 1864-இல் கிரேட் ஈஸ்டர்ன் ஏலத்துக்கு வந்தபோது ரயில்வே பொறியாளர் டேனியல் கூச்சும் கூட்டாளிகளும் கொடுத்ததும் அதே 25,000! டன் கணக்கில் ஐந்து மடங்குக்கும் மேல் பெரிய கப்பல், அடிமாட்டு விலை.

ஏன்? அடுத்து வாங்குபவருக்கு அதில் செய்ய என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஈஸ்டர்னில் 4,000 பேர் போகலாம். 1860-இல் முதல் அட்லாண்டிக் பயணத்தில் காசு கொடுத்து ஏறியவர்கள் 35 பேர், கப்பல் ஊழியர்கள் 418 பேர். வழியில் நிலக்கரி ஏற்றாமல் ஆஸ்திரேலியா போகக் கட்டிய கப்பல் ஒருமுறைகூட அங்கே போகவில்லை.

நியூயார்க்குக்கெனக் கட்டிய கிரேட் பிரிட்டனோ 1852 முதல் ஏறத்தாழ 24 ஆண்டுகள் மெல்போர்னுக்கு ஆட்களை ஏற்றிப் போனது. புது முதலாளி 1,000 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றிவிட்டு 500-இல் சிறியதாக ஒன்றைப் பொருத்தினார். பாய் விரித்து ஓட்டி, காற்று விழுந்தால் மட்டும் நீராவி. நிலக்கரிச் செலவு மிச்சம். இடையில் கிரிமியப் போருக்கும், 1857-இல் பம்பாய்க்கும் படை ஏற்றியது. ஆஸ்திரேலியா போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணி 1861-இல் ஏறியதும் இதில்தான். 1882-இல் எஞ்சினையே எடுத்துவிட்டு வெறும் பாய்க்கப்பலாக்கி, வேல்ஸ் நிலக்கரியை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 1886-இல் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் அருகே புயலில் அடிபட்டு, தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளில் ஒதுங்கியதும் அங்குள்ள கம்பெனி வாங்கி, கம்பளியும் நிலக்கரியும் போடும் மிதக்கும் கிடங்காக்கியது. ஒவ்வொரு கையிலும் ஏதாவது வேலை.

ஈஸ்டர்னைக் குறைத்துச் சொன்னால் அநியாயம். 1866-இல் அட்லாண்டிக் தந்திக் கேபிளை ஒரே மூச்சில் போட, அத்தனை ஆயிரம் மைல் கம்பியையும் சுமக்க வேறு கப்பல் இல்லை. 1870-இல் பம்பாய்–ஏடன் கேபிளும் அதுதான். அப்புறம்? லிவர்பூலில் ஒரு பெரிய கடைக்கு மிதக்கும் விளம்பரப் பலகையாக நின்று, 1888-இல் 16,000 பவுண்டுக்குக் காயலான் கடைக்குப் போனது. அதன் பாய்மரத் துண்டு ஒன்று லிவர்பூல் கால்பந்து அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் கொடிக்கம்பமாக இருக்கிறது.

செய்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. துடுப்புச் சக்கரம் வைத்த கப்பல் நான் இதுவரை செய்ததில்லை. ஈஸ்டர்னின் சக்கரங்கள் எவ்வளவு படுத்தும் என்று அனுபவமாகச் சொல்ல முடியாது. பிரிட்டனில் வேறு தலைவலி: எந்த முதலாளியின் கப்பலைச் செய்வது? 1843-இல் ஆறு பாய்மரம், 1853-க்குள் மூன்று. பிரிஸ்டலில் இன்று நிற்பது ஆறு பாய்மரத் தோற்றம். நான் மூன்றுக்குப் போனேன், சம்பாதித்த காலம் அதுதானே.

வலப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு கீறப் போகிறேன். 1937-இல் ஃபாக்லாந்தின் ஸ்பாரோ கோவ் என்ற சிறு விரிகுடாவில் மூழ்கவிட்ட கப்பலை 1970-இல் மீட்டபோது அங்கே பெரிய விரிசல் இருந்தது. தீவுக்காரர்கள் கொடுத்த பழைய மெத்தைகளை அதில் திணித்து அடைத்துத்தான் நீரை இறைத்தார்கள்.