பி.பி.சி.யின் ‘உமன்ஸ் அவர்’: எப்போது கேட்பது, எதைத் தாண்டிப் போவது

பிரிட்டனின் உள்நாட்டுப் பேச்சு வானொலியான பி.பி.சி. ரேடியோ 4-இல் திங்கள் முதல் வெள்ளி வரை லண்டன் நேரம் காலை 10 மணிக்கு வருகிற ‘உமன்ஸ் அவர்’ (பெண்களின் ஒரு மணி நேரம்) நமக்காகச் செய்யப்படுகிற நிகழ்ச்சி இல்லை. பி.பி.சி.யின் உலகச் சேவையைப் போல வெளியூர்க்காரருக்கு நின்று நிதானமாக விளக்கும் வழக்கம் இதில் கிடையாது. பிரிட்டனிலேயே வரி கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, உள்ளூர் கவுன்சிலோடு மல்லுக்கட்டுகிற பெண்களுக்கான பேச்சு இது. அந்த ஊர்த்தன்மைதான் இதன் ருசி. புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றுவதும் அதனால்தான்.

நேரலையில் கேட்பவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்தியா, இலங்கை நேரத்தில் பிற்பகல் 2.30, மற்ற மாதங்களில் 3.30. வாரம் முழுவதும் வந்தவற்றில் பொறுக்கியெடுத்த தொகுப்பு சனிக்கிழமை லண்டனில் மாலை 4 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 8.30 அல்லது 9.30. பி.பி.சி. சவுண்ட்ஸ் செயலியை 2025 ஜூலையில் வெளிநாட்டினருக்கு மூடிவிட்டார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். ரேடியோ 4 நேரலை இப்போது பி.பி.சி.யின் உலக இணையதளத்திலும் ‘பி.பி.சி.’ என்ற செயலியிலும் ஓடுகிறது. பாட்காஸ்ட் போதும் என்றால் எந்தப் பாட்காஸ்ட் செயலியிலும் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். ஆனால் பிரிட்டனுக்கு வெளியே அதில் விளம்பரம் சேரும். ஸ்டுடியோவில் யாராவது பாடியிருந்தால் உரிமைச் சிக்கலால் பாட்டு பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். பாடகி யாராவது வருகிற நாளில் நேரலைதான் சரி.

பெயர்தான் ஒரு மணி நேரம். மணிச் செய்தி போக ஏறத்தாழ 57 நிமிஷம் மிஞ்சும். 2021-க்கு முந்தைய பதிவுகள் முக்கால் மணியில் முடிந்துவிடுவதைப் பார்த்துக் கோப்பு பாதியில் நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கடைசி 15 நிமிஷம் நாடகத்துக்குப் போனது. இப்போது நான்கைந்து பகுதிகள். முதலில் அன்றைய அரசியல் அல்லது ஒரு தீர்ப்பு, ஏறக்குறைய 12 நிமிஷம். அடுத்து உடல்நலமோ வேலையோ. பிறகு ஒரு நாவலாசிரியர், நடிகை, விளையாட்டு வீராங்கனை. நடுநடுவே நேயர் குறுஞ்செய்திகள்.

இந்த வரிசைதான் நிகழ்ச்சியின் பலம் என்பது நம் கணிப்பு. பட்ஜெட்டில் குழந்தைப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று அமைச்சரைக் குடைந்த கையோடு, பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவது பற்றி ஒரு மருத்துவர் பேசுவார். இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே மரியாதை. ‘இனி லேசான விஷயத்துக்கு வருவோம்’ என்கிற இளிப்பு இல்லை. துண்டு துண்டாகச் சமூக ஊடகத்தில் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. வாரத்துக்கு ஒன்று கேட்டாலும் முழுசாகக் கேட்பது நல்லது.

1946 அக்டோபர் 7 அன்று ‘லைட் புரோகிராம்’ அலைவரிசையில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியபோது தொகுத்து வழங்கியவர் ஓர் ஆண், ஆலன் ஐவிமி. பெண்களுக்கு மதியச் சாப்பாடு பற்றியும் முகப் பொலிவு பற்றியும் ஓர் ஆண் எடுத்துச் சொல்வதா என்று நேயர்கள் முகம் சுளிக்க, சில மாதங்களிலேயே அந்த நாற்காலி பெண்களிடம் போனது. 1973-இல் ரேடியோ 4-க்கு வந்தது. 1991-இல் காலைக்கு மாறியது. நீண்ட காலம் தாங்கிப் பிடித்தவர் ஜென்னி மரே, 1987 முதல் 2020 வரை. இப்போது பெரும்பாலும் வாரத் தொடக்கத்தில் நுவாலா மெக்கவர்ன், வாரக் கடைசியில் அனிதா ராணி. நுவாலா உலகச் சேவையில் பழகியவர் என்பதால் வெளிநாட்டுச் செய்திகளில் சுருக்கமாக, சரியான இடத்தில் கேள்வி போடுவார். பிராட்ஃபோர்டில் வளர்ந்த பஞ்சாபி வம்சாவளிப் பெண்ணான அனிதா ராணியிடம் குடும்பம், கலை, புலம்பெயர்ந்த வாழ்க்கை பற்றிய பேட்டிகள் நன்றாக விழும். அரசியல்வாதி வந்தால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

அரசியல் பேட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2017 மே 30 ஒலிபரப்பை இன்றும் எடுத்துக் கேட்கலாம். தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு. தொழிற்கட்சித் தலைவர் ஜெரிமி கோர்பின் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தை அறிவிக்க ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். அன்று தொகுத்து வழங்கிய எம்மா பார்னெட் கேட்டது ஒன்றே ஒன்று: இதற்கு எவ்வளவு செலவாகும்? தொகை அவர் வாயில் வரவில்லை. கையில் இருந்த ஐபேடில் தேடினார். பார்னெட் உதவிக்கும் போகவில்லை, அடுத்த கேள்விக்கும் தாவவில்லை. தடுமாற்றம் முழுக்கக் காற்றில் போனது. குரலை உயர்த்தாமல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது பேட்டி எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பார்னெட்மீது யூத வெறுப்பு வசை பொழிந்ததும், அதைக் கோர்பினே கண்டித்ததும் தனிக்கதை.

உடல்நலப் பகுதிகளுக்காகவே இதைச் சந்தா போட்டு வைக்கலாம். சிறுநீர்க் கசிவு போன்றவற்றைச் சரிசெய்ய இடுப்புத் தளத்தில் பொருத்திய பாலிபுரொப்பிலீன் வலையால் வலியில் முடங்கிய பெண்களை ‘எல்லாம் மனப் பிரமை’ என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பிய விவகாரம் ஓர் உதாரணம். 2018-இல் இங்கிலாந்தில் அந்த அறுவை சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலையில் இதை விசாரித்த கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை வந்தது. இப்படிப்பட்ட விஷயத்தை ஒரு நாள் பேசிவிட்டு விடுவதில்லை; திரும்பத் திரும்ப எடுப்பார்கள். உறுப்புகளின் பெயரைப் பூசி மெழுகாமல் சொல்வார்கள். மாதவிடாய் நிற்கும் பருவம் பற்றிய பகுதிகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஹார்மோன் சிகிச்சை பற்றி அங்கே சொல்லும் மருந்துப் பெயர், விலை, சீட்டு முறை எல்லாம் பிரிட்டனின் அரசு மருத்துவ முறையைச் சார்ந்தவை. அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளக் கேளுங்கள். மருந்தின் அளவுக்கு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

பின்புலம் தெரியாவிட்டால் வேலை, சட்டம் சார்ந்த பகுதிகள் பாதி புரியாமல் போகும். அங்கே பேறுகால விடுப்பு 52 வாரம் வரை உண்டு. சட்டப்படியான ஊதியம் 39 வாரத்துக்குத்தான். முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், பிறகு சின்ன நிலையான தொகை. இந்தியாவில் 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் (சட்டத்துக்குள் வருகிற வேலையில் இருந்தால்தான்). இந்தக் கணக்கு தெரிந்தால், ஒரு வருஷ விடுப்பு கிடைத்தும் அந்தப் பெண்கள் ஏன் புலம்புகிறார்கள் என்பது விளங்கும்.

குறைகளும் உண்டு. நிகழ்ச்சி பெண்ணியம் பேசினாலும் பி.பி.சி.யின் நடுநிலை விதி தலைக்கு மேல் தொங்குகிறது. திருநர் உரிமை, பெண்களுக்கான தனி இடங்கள் என்று வந்துவிட்டால் இன்று ஒரு தரப்பு, நாளை மறு தரப்பு, இரண்டுக்கும் நடுவில் சட்ட நிபுணர் என்று பேச்சு விறைத்துப்போகிறது. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் உயிரியல் பாலினமே என்று 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. தீர்ப்பு என்ன சொல்கிறது என்று அறிய இந்தப் பகுதிகள் உதவும். அதோடு வாழ்கிறவர்களின் அன்றாடம் புரிய உதவாது. அடுத்த குறை விளம்பரப் பேட்டி. படமோ தொடரோ வெளியாகிற வாரத்தில் நடிகை வந்து இயக்குநரைப் புகழ்ந்துவிட்டுப் போவார். தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கூசாமல் தாண்டலாம். அமைச்சர்கள் கடிகாரத்தை ஓட்டிவிடுவதும் உண்டு. பத்து நிமிஷத்தில் நான்கு நிமிஷம் முன்னுரையாகப் பேசிவிட்டால் கேள்விக்கு இடம் ஏது?

நம்மவர் அக்கறைப்படும் விஷயம் அடிக்கடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 2016-இல், எழுபது ஆண்டுகளில் பெண்கள் வாழ்க்கையை மாற்றிய ஏழு பேரைப் பட்டியலிட்டபோது மார்கரெட் தாட்சருக்கு முதலிடம் கொடுத்தவர்கள், அதே பட்டியலில் ஜயாபென் தேசாயையும் வைத்தார்கள். 1976 முதல் 1978 வரை லண்டன் கிரன்விக் போட்டோ ஆலை வேலைநிறுத்தத்தைப் புடவையோடு முன்நின்று நடத்திய குஜராத்திப் பெண் அவர். போராட்டம் தோற்றது. ஆனாலும் புலம்பெயர்ந்த பெண் தொழிலாளிகளை அதுவரை கண்டுகொள்ளாத தொழிற்சங்கங்கள் அவர் பின்னால் அணிதிரண்டன. பட்டியலில் பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்கிற கற்பனைப் பாத்திரத்தையும் சேர்த்தது அப்போதே சர்ச்சையானது, நியாயமாகவே.

கருத்து அனுப்பத் தோன்றினால் 84844 குறுஞ்செய்தி எண் பிரிட்டனுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளியிலிருந்து மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப். இரண்டு மூன்று வரிக்கு மேல் போனால் வாசிக்கப்படும் வாய்ப்பு குறைவு.

இதே மாதிரி ஒன்றை நம் ஊர்ச் சமுதாய வானொலியில் செய்யலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியே செய்ய முடியாது. இந்திய விதிகளின்படி கதிர்வீச்சுத் திறன் (அலை பரப்பும் வலு) பொதுவாக 100 வாட், ஆண்டெனா உயரம் 30 மீட்டர் வரைதான். பத்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். அது கூடப் பரவாயில்லை. சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பத் தடை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்ய மட்டுமே அனுமதி. அமைச்சரைக் குடைகிற அந்த முதல் 12 நிமிஷம் இங்கே சட்டப்படி காலி. மிச்சமுள்ள 45 நிமிஷத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை: ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சை எப்போது தேவை எப்போது வேண்டாம், ஆலைகளில் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள் புகார்க் குழுவுக்கு மனு எழுதுவது எப்படி என்று பகுதிக்கு எட்டு நிமிஷம். ஒவ்வொன்றிலும் நிபுணருக்கு முன்னால் அந்த அனுபவம் உள்ள பெண்ணைப் பேசவிட வேண்டும். வரிசை தலைகீழானால் அந்தப் பெண் மருத்துவர் சொன்னதையே ஆமோதித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.