பொங்கலுக்கு வாங்கிய ரூலெட் செட்

பொங்கலுக்குக் காரைக்குடி வீட்டில் எல்லோரும் கூடும்போது ஆடலாம் என்று இந்த ரூலெட் செட்டை ஆன்லைனில் வாங்கினேன். சுழலும் சக்கரத்தில் உருண்டையை விட்டு, அது எந்த எண்ணில் அல்லது எந்த நிறத்தில் (சிவப்பா, கறுப்பா) நிற்கும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம் இது. கசினோவுக்குப் போகாதவர்களுக்கும் ஆட்டம் சுலபமாகப் பிடிபடுகிறது. இந்தச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள், ஒரே பூஜ்யம். வாங்கும்முன் இதைப் பாருங்கள்: அமெரிக்கச் சக்கரத்தில் 00-வும் உண்டு, வைக்கும் பந்தயத்தில் சராசரியாகக் கசினோவுக்குப் போகும் பங்கு 2.7 சதவீதத்திலிருந்து 5.26 ஆகிவிடும்.

காசு வேண்டாமென்று புளியங்கொட்டை வைத்து ஆடினோம். நிறம் சரியாக வந்தால் வைத்த அளவே லாபம், தனி எண் வந்தால் 35 மடங்கு. ஆச்சி கடைசி வரை கறுப்பிலேயே வைத்தார். "தொடர்ந்து செவப்பு வந்துருச்சு, இனி கறுப்புதான்" என்றான் தம்பி மகன். அப்படி இல்லவே இல்லை. ஒவ்வொரு சுற்றும் தனி. பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட முடிந்ததற்காகவே எனக்கு இந்த செட் பிடித்திருக்கிறது.

சரி, குறை என்றால் பிளாஸ்டிக் சக்கரம் ஆத்தங்குடிக் கல்லில் வழுக்குகிறது. அடியில் ஈரத்துணி போட்டால் நிற்கும். விரிப்பில் மடிப்பு போகவில்லை, இந்த விலைக்குத் தடிப்பாகவே கொடுத்திருக்கலாம். உருண்டைகள் இரண்டு வரும், ஒன்றை எடுத்து வையுங்கள்.